எனக்கு எதிராக என் வீட்டுக்காரர் செய்த வேலைநிறுத்தம்

என் வீட்டுக்காரர் எனக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்த நாள் ஒரு வியாழக்கிழமை. சீசன் நேரம். காலை ஏழு மணிக்குப் பனி கடைக்குள்ளேயே வந்துவிட்டது. தோசைக்கல்லுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் கடைசி மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

பனி கொஞ்சம் விலகியபோது எதிர்ச்சாரியில் சில்வர் ஓக் மரத்தடியில் அவர் நின்றிருந்தார். குரங்குக் குல்லா, பழுப்பு ஸ்வெட்டர், ஒரு கையில் குடை, இன்னொரு கையில் அட்டை. 'வாரம் ஒரு நாள் ஓய்வு எங்கள் உரிமை' என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அச்சடித்தது போல அழகான எழுத்து. 'எங்கள்' என்று போட்டிருந்தாலும் நின்றது அவர் ஒருவர்தான்.

கார் ஒன்று வந்தது. கை சும்மா இருக்குமா? குடையை மடக்கிவிட்டு, "வாங்க சார், ரிவர்ஸ் வாங்க, இன்னும் வாங்க, போதுமுங்க" என்று நிறுத்த இடம் காட்டினார். இறங்கிய குடும்பத்திடம் அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"இங்க சாப்பிடாதீங்க சார். ஸ்டிரைக்குங்க."

"அப்ப வேற எங்கங்க நல்லா இருக்கும்?"

அவர் நெடுநேரம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நல்லா இருக்கறதுன்னா இங்கதானுங்க," என்றார்.

அந்தக் குடும்பம் உள்ளே வந்து ஆறு தோசை சொன்னது.

பலகையில் ஒரு பேர், சுவரில் ஒரு பேர்

நாங்கள் சேலத்திலிருந்து மூட்டை முடிச்சோடு மலை ஏறி வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். ஏற்காட்டில் நாகலூர் ரோடு பிரியும் இடத்தில் கடை போட்டோம். வாசல் பலகையில் 'தங்கவேல் மெஸ்' என்று அவர் பெயர். உள்ளே சுவரில் கண்ணாடி போட்ட லைசென்சில் மல்லிகா என்று என் பெயர், என் போட்டோ. மகளிர் குழு மூலம் கடன் கிடைத்ததால் எல்லாக் காகிதமும் என் பெயரில் ஆயிற்று. அதற்கு மேல் அதில் ஒரு விசேஷமும் இல்லை.

லைசென்ஸ் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். காலையில் ஊதுபத்தி காட்டும்போது அவர் அதற்கும் சேர்த்துக் காட்டிவிடுவார். பல வருடம் அப்படித்தான்.

நாலு மணிக்கு எழுந்திருப்போம். அரைப்பதும் சமைப்பதும் நான். பரிமாறுவது, கழுவுவது, காய்கறி, கேஸ், வாசலில் கார் நிறுத்துவது எல்லாம் அவர். சொந்தத்தில் சாவு விழுந்தால் தவிர கடை மூடியதில்லை.

இரண்டு மேஜைக்காரர்கள்

எங்கள் கடையில் தினமும் சாப்பிட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் இந்தக் கதைக்கு இரண்டு பேர் போதும்.

ஒருவர் தோழர் சின்னராசு. ஒரு காலத்தில் எஸ்டேட்டில் ரைட்டர். அதாவது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எழுதி வேலைக்கு அனுப்புகிறவர். பிறகு துரையோடு சண்டை போட்டுவிட்டு, அதே ஆட்களுக்குச் சங்கம் வைத்தார். தோளில் சிவப்புத் துண்டு. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

இன்னொருவர் பத்மநாபன் சார். பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் 'பேங்க் சார்'. வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி டூரிஸ்டுகளுக்கு விடுகிறார். இங்கிலீஷ் பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்திருப்பார்.

இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார மாட்டார்கள். பக்கத்து மேஜை, எதிரும் புதிருமாக. ஒருவர் வரத் தாமதமானால் இன்னொருவர் இட்லி சொல்லாமல் காத்திருப்பார்.

சண்டை எப்போதும் ஒன்றுதான்.

"சுதந்திரம்னா என்னங்க தோழர்? குறுக்க யாரும் வராம இருக்கறது. மல்லிகாம்மா கடை வெச்சாங்க, யாராச்சும் தடுத்தாங்களா? நெனச்சா நாலு மணிக்குத் தொறப்பாங்க, நெனச்சா பத்து மணிக்குத் தொறப்பாங்க. கவர்மெண்ட்டு ஒதுங்கி நின்னாப் போதும், மத்ததைச் சந்தை பாத்துக்கும்."

"பத்து மணிக்குத் தொறந்தா இட்லி திங்க யாருங்க வருவாங்க? தடுக்க ஆளில்லைன்னா அது சுதந்திரமாயிருமா? வேணாம்னு சொல்ல முடியோணும் சார். வயிறு காயறவன் எந்த வேலையையும் வேணாம்னு சொல்ல முடியாது. அவனுக்குச் சோறும் ஓய்வும் உறுதி பண்ணுங்க, அப்பறம் சுதந்திரத்தைப் பத்திப் பேசுவோம்."

"உறுதி பண்றதுக்கு என் பாக்கெட்டுல இருந்துதான எடுப்பீங்க? அப்ப என் சுதந்திரம்?"

"சட்னி வேணுங்களா?" என்று நான் கேட்பேன். இரண்டு பேரும் வேணும் என்பார்கள்.

எல்லாவற்றிலிருந்தும் அரசாங்கம் விலக வேண்டும் என்ற பேங்க் சார், ஒன்றாம் தேதியானால் பென்ஷன் மெசேஜ் வரும் வரை போனைக் கீழே வைக்க மாட்டார். சந்தை என்பதே கொள்ளை என்ற தோழர், வீட்டுப் பின்னால் இருக்கும் இருபது மிளகுக் கொடிக்கு நாலு வியாபாரிக்குப் போன் போட்டு, யார் கூடக் கொடுக்கிறாரோ அவருக்கே போடுவார். இதை நான் இருவரிடமும் சொன்னதில்லை. இரண்டு பேருமே மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறவர்கள்.

கொலுசு வளைத்த அம்மா

அவர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு எங்கள் அம்மா நினைவு வரும். அம்மா சேலத்தில் வீட்டிலிருந்தே வெள்ளிக் கொலுசுக்கு வளையம் கோத்துக் கொடுப்பாள். எத்தனை ஜோடியோ அத்தனைக்குக் கூலி. அப்பாவுக்கு மில் வேலை. சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார்.

"உங்கொப்பன் சங்குக்கு அடிமை கண்ணு. நமக்குன்னா நம்ம இஷ்டம். உக்காரலாம், எந்திரிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்பாள் அம்மா. சொல்லும்போதும் தலை நிமிராது.

ஞாயிற்றுக்கிழமை அடிமையானவர் கயிற்றுக் கட்டிலில் மத்தியானம் வரை தூங்குவார். இஷ்டம் போல இருக்கிறவள் குறடும் கையுமாக இருப்பாள். குறடு வைக்கும் 'டிக் டிக்' சத்தத்தில் அப்பா புரண்டு படுத்து, "ஒரு நாளைக்காச்சும் அதைக் கீழ வெய்யேன்," என்பார்.

ஒரு கேள்வி

சரி, வேலைநிறுத்தத்துக்கு வருகிறேன்.

அதற்குப் பத்து நாள் முன்பு, வழக்கமான சண்டை நடுவே, சாம்பார் வாளியோடு நின்றிருந்த என் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க தோழர், அப்ப எனக்கும் லீவு உண்டுங்களா?"

பல வருடமாக அந்த மேஜைகளுக்கு நடுவே போய் வந்தவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உங்களை யாருங்க தடுத்தா? போங்க," என்றார் பேங்க் சார்.

"உங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கறாங்க?" என்று கேட்டார் தோழர்.

"சம்பளமுங்களா?" என்று சிரித்தார் இவர்.

"மொதலாளி யாருங்க?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ஊதுபத்திப் புகைக்கு நடுவே என் போட்டோ. என் வீட்டுக்காரரும் பார்த்தார். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் கேட்டேன். "லீவு எடுத்து எங்க போவீங்க?"

"அது லீவு எடுத்தாத்தான தெரியும்," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் மட்டும் என்ன ஊஞ்சலிலா உட்கார்ந்திருக்கிறேன்? அதைக் கேட்காமல், "சின்ன வெங்காயத்தை உரிச்சுட்டு எங்க வேணாலும் போங்க," என்றேன்.

அவர் உரித்தார். மறுநாள் வெங்காயம் உரிக்கும்போதே மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். தோழர் கையெழுத்து. 'தங்கவேல் மெஸ் நிர்வாகத்தின் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கி, வாரம் ஒரு நாள் ஓய்வு தராவிட்டால் அடுத்த வார வியாழன் முதல் வேலைநிறுத்தம் என்று முடிந்திருந்தது.

"வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடோணுமாம் புள்ள," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. வெங்காயம்தான்.

விஷயம் தெரிந்ததும் பேங்க் சார் உற்சாகமாகிவிட்டார். "மல்லிகாம்மா, நீங்க தொழில்முனைவோர். யாரை வெச்சுக்கறது, யாரை அனுப்பறதுங்கறது உங்க உரிமை. நீக்கிருங்க. லெட்டர் நான் டைப் பண்ணித் தர்றேன்."

"நீக்கினா எங்க சார் போவாரு? ஊட்டுக்குத்தான வருவாரு?"

"அது தனிங்க. அது குடும்பம். இது நிறுவனம்."

"ரெண்டுக்கும் ஒரே சாவிங்க சார்," என்றேன். கடைக்குப் பின்பக்கம்தான் எங்கள் வீடு.

வியாழக்கிழமை

அன்றைக்குக் கூட்டம் அள்ளியது. ஏரிக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், எல்லோரும் இங்கேதான். மரத்தடியில் ஒரு மனிதர் அட்டையோடு நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர்களும் உண்டு. அவரோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள். எடுத்த பிறகு உள்ளே வந்து பொங்கல் சாப்பிட்டார்கள்.

இன்னொரு சிக்கல். கடையில் ஒட்டியிருந்த ஸ்கேன் அட்டை அவர் போனோடு சேர்ந்தது. சாப்பிட்டவர்கள் காசு போட்டுவிட்டு, வந்ததா என்று தெரிய ரோட்டைத் தாண்டி அவரிடம் போனார்கள். அவர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனைப் பார்த்து, "வந்துருச்சுங்க, போயிட்டு வாங்க," என்றார். அதற்குள் துணைக்கு வந்து பக்கத்தில் நின்ற தோழரின் முகம் வாடிவிட்டது. வேலைநிறுத்தம் செய்கிற தொழிலாளி கையிலேயே மொத்த வசூலும் போவது அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை போலிருக்கிறது.

எனக்கு உதவிக்கு வந்தவர் பேங்க் சார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "நான் என் இஷ்டத்துக்கு வந்த ஆளுங்க. கட்டாயம் ஒண்ணும் இல்லை. சந்தையில வேலைக்கு ஆளா கெடைக்காது?" என்றார்.

முதல் அரை மணி நேரம் நன்றாகச் செய்தார். பிறகு இரண்டு டம்ளர் உடைந்தது. ஒன்பது மணிக்கு ஒரு டீ கேட்டார். ஒன்பதே காலுக்கு ஒரு ஸ்டூல் கேட்டார். ஒன்பதரைக்குச் சுவரில் சாய்ந்துகொண்டு, "மல்லிகாம்மா, உக்காரவே நேரமில்லீங்களே. இது மனுசன் பாக்கற வேலையா?" என்றார்.

"அதைத்தானுங்க அவரு எழுதித் தூக்கிட்டு நிக்கறாரு," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டிப் போய் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நானும் ஸ்டிரைக்குங்க," என்றேன்.

தோழர் பதறிப்போனார். "அம்மிணி, நீங்க ஸ்டிரைக் பண்ண முடியாதுங்க. நீங்க மொதலாளி. நீங்க மூடுனா அதுக்குப் பேரு கதவடைப்பு."

"அப்ப எனக்கு லீவு வேணும்னா நான் யாருகிட்டக் கேக்கறதுங்க?"

வாசலில் கரண்டியோடு நின்றிருந்த பேங்க் சார் சொன்னார். "யாரையும் கேக்க வேண்டாம் மல்லிகாம்மா. அதான் உங்க சுதந்திரம்."

"நல்லதுங்க சார். கல்லு மேல மூணு தோசை கெடக்குது. திருப்பிப் போடுங்க."

அந்த நேரம் பார்த்து மாரமங்கலம் பஸ் வந்தது. எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன். ஏறிய பிறகுதான் பார்த்தேன். இவரும் குடை, அட்டை எல்லாவற்றோடும் பின்னாலேயே ஏறினார். எனக்குப் பெண்களுக்கான இலவசச் சீட்டு, அவருக்குக் காசுச் சீட்டு. அந்த இலவசச் சீட்டைப் பற்றியே தோழரும் பேங்க் சாரும் ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறார்கள். "அட்டைக்கு லக்கேஜ் போடோணுங்களா?" என்று கண்டக்டர் சிரித்தார்.

சும்மா இருந்த பாறை

இரண்டாவது வளைவு தாண்டும் முன்பே அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வழி நெடுகக் காப்பிப் பூ வாசம். நான் அசையாமல் உட்கார்ந்து வந்தேன்.

மாரமங்கலத்தில் எங்களுக்கு யாரையும் தெரியாது. இறங்கி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். யாரோ எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தார்கள். அதுவே விசித்திரமாக இருந்தது.

"இப்ப என்ன புள்ள பண்ணோணும்?" என்றார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க."

"ஒண்ணுமேவா?" கவலையாகக் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். திரும்பிப் பார்த்தால் அடுத்த பெஞ்சில் கிடந்த காலி டம்ளர்களை விரல் இடுக்கில் நாலு நாலாகக் கோத்து எடுத்துக்கொண்டு போகிறார். கடைக்காரப் பெண், "ஏனுங்கண்ணா, நீங்க எதுக்கு?" என்று வாங்கி வைத்தாள். இவருக்கு வெட்கமாகிவிட்டது. ரோட்டோரம் மிளகு காய்ந்துகொண்டிருந்த பக்கமாக நடந்து போனார். அரை மணி கழித்து வந்தார்.

"அங்க ஒரு பாறை இருக்குது புள்ள."

"என்ன பாறைங்க?"

"சும்மா இருக்குது."

போய் உட்கார்ந்தோம். கீழே பள்ளத்தில் மேகம் கிடந்தது. அது நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு வருசமா இந்த முட்டி வலிக்குது."

"ஏனுங்க என்கிட்டச் சொல்லல?"

"எப்பச் சொல்றது?"

பழித்துச் சொல்லவில்லை. உண்மையாகவே நேரம் கேட்பவர் போலத்தான் கேட்டார். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் இந்த மனிதருக்கு மூன்று அடி தூரத்தில் நிற்கிறேன். நான் அவரிடம் கடைசியாகக் கடையைப் பற்றி இல்லாமல் எதைப் பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. அவர் முழங்காலில் கை வைத்தேன். வீங்கித்தான் இருந்தது.

மூன்று மணி பஸ் வரும் வரை அங்கேயே இருந்தோம்.

திரும்பி வந்தபோது

கடை வாசலில் ஆள் இல்லை. உள்ளே பேங்க் சார் அரிசி மூட்டையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். தோழர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். தொண்டை இரண்டு பேருக்கும் கட்டியிருந்தது. நடந்ததை ஆளுக்குப் பாதியாகச் சொன்னார்கள்.

தோழர், பசியோடு வந்தவர்களை விட்டுப் போக மனமில்லாமல் உள்ளே வந்திருக்கிறார். வந்ததும் தன் மேஜையில் தோட்ட வேலை ஆட்களுக்கு இலவசம் என்று அறிவித்திருக்கிறார். பேங்க் சார் தன் மேஜையில், கூட்டம் அதிகமானால் விலையும் அதிகம் என்று தோசையை இரண்டு மடங்காக்கியிருக்கிறார். ஒரே கல், ஒரே மாவு. டூரிஸ்டுகள் எல்லோரும் எழுந்து தோழர் மேஜைக்குப் போய், நாங்களும் தோட்ட வேலைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

"யாரும் மேஜை மாறக் கூடாதுன்னு நான் ரூல் போட்டேனுங்க," என்றார் பேங்க் சார்.

"எங்க உக்காரணுங்கறது அவங்கவங்க உரிமைன்னு நான் சொல்லிட்டேன்," என்றார் தோழர்.

பதினோரு மணிக்கு மாவு தீர்ந்துவிட்டது. அதற்குள் தோழருக்குள் இருந்த பழைய ரைட்டர் எழுந்து, "சுறுசுறுப்பா, சுறுசுறுப்பா, நின்னுட்டு இருந்தா எப்புடி?" என்று பேங்க் சாரை விரட்டியிருக்கிறார். பேங்க் சார், ஓய்வு தராமல் இனி ஒரு தட்டைக்கூடத் தொட மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆக, நிர்வாகம் மாறிய இரண்டே மணி நேரத்தில் எங்கள் கடையில் இரண்டாவது வேலைநிறுத்தம்.

"உங்க வேலை நொம்பக் கஷ்டமுங்க," என்றார் தோழர். அதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து கடையைக் கழுவினோம். அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, குனிந்து செய்கிற வேலையை நான் செய்தேன். இனி வியாழக்கிழமை கடை கிடையாது என்று அப்போதே பேசி முடித்துக்கொண்டோம். கதவில் அறிவிப்பு ஒட்டத் தோழரிடம் கேட்டேன். 'தொழிலாளர் போராட்டத்தின் வெற்றியாக வியாழன் விடுமுறை' என்று எழுதிக் கொடுத்தார். அதற்குக் கீழே பேங்க் சார் தாமாக ஒன்றை டைப் அடித்து ஒட்டினார். 'உரிமையாளரின் சுதந்திரமான முடிவின்படி வியாழன் விடுமுறை.' இரண்டையும் விட்டுவிட்டேன்.

அடுத்த வியாழன்

காலை எட்டரைக்கு வீட்டுப் பின்கதவு தட்டப்பட்டது. இவர் திறந்தார். பனியில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில்.

"ஒண்ணுமில்லீங்க தங்கவேலு. சும்மா இந்தப் பக்கம் வந்தோம்," என்றார் பேங்க் சார்.

"ஊட்டுல ஏதாச்சும் பழசு இருந்தாலும் போதுமுங்க," என்றார் தோழர். ஊரில் மற்ற கடைகள் இருக்கின்றன. ஆனால் எங்கேயும் இரண்டு பேரும் உட்காருகிற மாதிரி பக்கத்துப் பக்கத்து மேஜை காலியாக இல்லையாம்.

என் வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர். கதவுப் பிடியில் அவர் விரல்கள் இறுகுவதை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு லீவுங்க," என்றார். கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"பாவம், பசியாத்தான் வந்திருப்பாங்க," என்றார் மெதுவாக.

"இருக்கும்," என்றேன்.

வெளியே இரண்டு குரலும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டே சரிவில் இறங்கிப் போயின.

எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் உப்புமா கிளறினேன். இரண்டு பேருக்கு எவ்வளவு ரவை என்பது எனக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. இறக்கிப் பார்த்தால் பத்துப் பேருக்கு இருந்தது. அவர் சட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அன்றைக்கு மூன்று வேளையும் அந்த உப்புமாவையே தின்றோம். யாரையும் கூப்பிடவில்லை.